சேலைப் படத்துக்கு எந்த வெளிச்சம்: ஜன்னலா, எல்இடியா, ஃப்ளாஷா?

ஆரணியில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்தே பட்டுச்சேலை விற்கிறார். நெசவாளர்களிடம் வாங்கி, தானே படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் போடுவார். ஒருமுறை ஒரே தறியில் இறங்கிய ஐந்து அரக்குச் சேலைகளைப் படம் எடுத்தார். இரண்டைக் காலையில், இரண்டை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசியை விளக்குப் போட்டதும். ஒன்று மாதுளை முத்து நிறத்தில் வந்தது. ஒன்று காய்ந்த மிளகாய் மாதிரி. விளக்கொளியில் எடுத்தது வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி. வாங்கியவர்களில் இரண்டு பேர் படத்தில் பார்த்த நிறம் இது இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது நியாயம். சேலையில் ஒரு குறையும் இல்லை, படம்தான் பொய் சொல்லியிருந்தது.

அதற்குப் பிறகு நானும் அக்காவும் பல மாதங்கள் ஒவ்வொரு வெளிச்சமாக முயன்று பார்த்தோம். ஜன்னல், வீட்டு பல்புகள், ரிங் லைட், சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாட்டிய எல்இடி, கடைசியில் ஃப்ளாஷ். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டோம்: இன்று எடுத்த படத்தை மூன்று மாதம் கழித்து, வேறொரு நேரத்தில், அதே நிறத்தில் அதே வெளிச்சத்தில் மறுபடி எடுக்க முடியுமா? எந்த வெளிச்சம் அழகு என்று கேட்டால் ஜன்னல் பல நாள் ஜெயிக்கும். இந்தக் கேள்விக்கு அது ஜெயிக்காது. வீட்டில் ஒரு மூலையை ஸ்டுடியோவாக மாற்றப் பார்ப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் கொஞ்சம் காசையும் நிறைய நாட்களையும் மிச்சப்படுத்தலாம்.

முதலில் கேமராவைக் கட்டிப்போடுங்கள்

விளக்கு வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. கேமராவுக்குள் இருந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் கணக்குப் போடும். வெள்ளைக் கசவுச் சேலையை வைத்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும், வெள்ளை அழுக்காகத் தெரியும். கறுப்பில் சிவப்புக் கரை போட்ட சேலையை வைத்தால் ‘வெளிச்சம் போதவில்லை’ என்று ஏற்றிவிடும், கறுப்பு நரைத்துப்போகும். விளக்கு அசையாமல் நின்றாலும் சேலைக்குச் சேலை எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) மாறிக்கொண்டே இருக்கும். அக்காவின் பிரச்சினையில் பாதி இதுதான் என்பது எங்களுக்கு இரண்டாவது வாரம்தான் புரிந்தது.

ஆகவே எம் மோடு, அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எஃப் எண்), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மூன்றையும் கையால் வைத்துவிட்டு, ஆட்டோ ஐஎஸ்ஓ அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எம் மோடில் வைத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால் கேமரா பின்பக்கமாக வந்து மாற்றிவிடும். நிகானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கும். நிழலைத் தானாக வெளுப்பாக்கும் வேலை அது. அதையும் அணைத்துவிடுங்கள். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியச் செய்யும் நிறத் திருத்தம்) ஆட்டோவில் விடாமல் ஒரு கெல்வின் எண்ணில் நிறுத்துங்கள். கெல்வின் என்பது ஒளியின் நிற அளவு: எண் குறைந்தால் ஒளி மஞ்சள், ஏறினால் நீலம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் ஜூம் செய்யும்போது திறப்பு எஃப் 3.5-லிருந்து 5.6 வரை தானாக மாறும். எஃப் 8-ல் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை, சேலையின் மடிப்புகளும் முன்பின் கூர்மையாக இருக்கும்.

ஃபோனில் எடுப்பவர்கள் ஆண்ட்ராய்டில் ப்ரோ மோடுக்குப் போய் இதே மூன்றையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டலாம். ஐஃபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். கெல்வின் எண்ணைக் கையால் வைக்க வேறு செயலி வேண்டும்.

ஜன்னல்

காசில்லாத வெளிச்சம், பெரிய வெளிச்சம். நாலடி அகல ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் அதற்கு இணையான சாஃப்ட்பாக்ஸ் வாங்க நல்ல தொகை ஆகும். பட்டின் மினுமினுப்பை ஜன்னல் ஒளி காட்டுகிற அழகை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அது நிற்காது. வெயிலின் குறுக்கே ஒரு மேகம் வந்தால் வெளிச்சம் இரண்டு மூன்று ஸ்டாப் விழும். ஒரு ஸ்டாப் என்றால் பாதி. மூன்று ஸ்டாப் என்றால் எட்டில் ஒரு பங்கு. அதோடு நிறமும் நகரும். நேர் வெயில் 5500 கெல்வின் பக்கம் இருக்கும், மேகமூட்டம் 6500, நீல வானம் மட்டும் தெரியும் நிழல் 7000-க்கு மேலே. மாலையில் எல்லாம் மஞ்சளுக்கு இறங்கிவிடும். எம் மோடில் பூட்டிய கேமரா இந்த மாற்றத்தை அப்படியே பதிவு செய்யும். திறந்துவிட்ட கேமராவோ தன் இஷ்டத்துக்குத் திருத்தும். இரண்டு வழியிலும் பத்துச் சேலைகள் பத்து விதமாக வரும்.

புகைப்படப் பாடங்களில் எல்லாம் ‘வடக்கு ஜன்னலைப் பிடியுங்கள், அங்கே நேர் வெயில் வராது’ என்று இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. நமக்கு முழுதாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும், பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி. இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. உச்சியில் இருப்பதை சன்ஷேடு தடுத்துவிடும். காலையும் மாலையும் சாய்வாக வருவதை அது தடுக்காது. அக்கா வீட்டு வடக்கு ஜன்னலில் ஜூன் மாதம் காலை எட்டரை மணிக்குச் சேலையின் பாதியில் வெயில் பட்டை விழுந்ததைப் பார்த்துத்தான் இதைத் தேடித் தெரிந்துகொண்டோம்.

அப்புறம் வியாபாரக் காலம் ஒன்று இருக்கிறது. சேலை அதிகம் விற்பது தீபாவளியை ஒட்டி. அந்த நேரம்தான் வடகிழக்குப் பருவமழை. நிறைய படம் எடுக்க வேண்டிய வாரங்களில்தான் வானம் நிமிடத்துக்கு ஒரு முகம் காட்டும். பகலெல்லாம் வீட்டு வேலை, பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு இரவு ஒன்பது மணிக்குத்தான் கேமராவைத் தொட நேரம் கிடைக்கும், அப்போது ஜன்னலே இல்லை.

ஒரே உட்காரலில், ஒரே மணி நேரத்தில், எல்லாப் படத்தையும் எடுத்து முடித்துவிட முடிந்தால் ஜன்னல் போதும். மாதம் ஐந்தாறு சேலை மட்டும் என்றால் விளக்கே வாங்காதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரே கார்டை (எந்த நிறமும் சாயாத சாம்பல் அட்டை) வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிக்கட்டலாம். அந்தக் கார்டுக்குப் பதிலாக வெள்ளை வேட்டியையோ ஏ4 தாளையோ வைக்க வேண்டாம். வேட்டியில் சொட்டு நீலம் ஏறியிருக்கும், தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கும். இரண்டுமே நீலத்தின் பக்கம் சாய்ந்தவை. அதை வெள்ளை என்று நம்பித் திருத்தினால் படம் மஞ்சளாகிவிடும்.

வீட்டு பல்பும் ரிங் லைட்டும்

முதலில் எல்லோரும் முயல்வது இதுதான். கூடத்தில் இருக்கும் டியூப் லைட், கூடவே இரண்டு 9 வாட் எல்இடி பல்பு. இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, வெளிச்சம் போதாது. இரண்டு 9 வாட் பல்பை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் எஃப் 5.6, 1/50 நொடிக்கு ஐஎஸ்ஓ 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கும். ட்ரைபாட் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்து அரை நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்துவிட்டால் படம் சுத்தமாக வரும், ஆனால் சேலை அசையக் கூடாது. அதாவது மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதம் ஆரணியில் மூடிய அறையில் விசிறி இல்லாமல் இருபது சேலை எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

இரண்டாவது, படபடப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/50 அல்லது 1/100-ல் எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் முழு ஏற்றமும் இறக்கமும் அடங்கிவிடும், சீராக வரும். 1/200-க்குப் போனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், அல்லது குறுக்கே பட்டை விழும். இணையத்தில் 1/60 வையுங்கள் என்று சொல்லும் வீடியோக்கள் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்காகச் சொன்னவை.

மூன்றாவதுதான் சேலைக்காரர்களுக்கு முக்கியம்: நிறம். விளக்கு நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு எண் உண்டு. அது எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண். சாதாரண வீட்டு பல்பின் சிஆர்ஐ 80 பக்கம் இருக்கும், ஆர்9 மிகக் குறைவாக இருக்கும். அரக்கு, குங்குமம், மாம்பழக் கரையோடு வரும் சிவப்பு எல்லாம் உயிர் போய் பழுப்பாகத் தெரிவது அதனால்தான். விளக்கின் ஒளியிலேயே அந்தச் சிவப்பு குறைவு என்பதால் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் முழுதாகத் திரும்ப வராது. அக்காவின் காப்பிக்கொட்டைப் படம் இப்படி வந்ததுதான்.

ரிங் லைட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது முகத்துக்கானது. சேலைக்கு நேர் எதிரே வைத்தால் நெசவின் மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும், ஜரிகையில் வட்டம் வட்டமாகப் பளிச்சிடும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ரீல்ஸ் பேசப் பயன்படுத்துங்கள். சேலைக்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

சாஃப்ட்பாக்ஸோடு எல்இடி

இங்கிருந்துதான் உண்மையான போட்டி. கோடாக்ஸ் எஸ்எல்60 போன்ற 60 வாட் சிஓபி விளக்குகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. ஒரே பெரிய எல்இடி, முன்னால் சாஃப்ட்பாக்ஸ் மாட்டும் வளையம், 5600 கெல்வின், சிஆர்ஐ 95-க்கு மேல் என்று கொடுப்பார்கள். நல்லதாகப் பார்த்து வாங்கினால் படபடப்பு இல்லை, சிவப்பு சிவப்பாகவே வரும். விளக்கு, சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து நாங்கள் விசாரித்தபோது பதினைந்தாயிரம் ரூபாய் பக்கம் வந்தது.

இதன் பெரிய வசதி, கண்ணால் பார்ப்பதுதான் படத்தில் வரும். விளக்கை இப்படித் திருப்பினால் நிழல் அப்படிப் போகிறது என்று உடனே தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஃபோனோடு வேலை செய்யும், வீடியோவும் எடுக்கலாம்.

குறை என்னவென்றால், பார்க்கப் பளீரென்று இருந்தாலும் கேமராவுக்கு அது அவ்வளவு பெரிய வெளிச்சம் இல்லை. சாஃப்ட்பாக்ஸ் துணி பாதிக்கு மேல் விழுங்கிவிடும். எஃப் 5.6, 1/100 நொடிக்கு ஐஎஸ்ஓ 800 பக்கம் போக வேண்டியிருக்கும். ஐஎஸ்ஓ 800 ஒரு குறையே இல்லை. விஷயம் வேறு: இந்த அமைப்பில் அறையில் ஏற்கெனவே இருக்கும் டியூப் லைட்டும் திரை வழியாகக் கசியும் பகலும் படத்துக்குள் வந்துவிடும். எங்கள் அறையில் அது பிரதான விளக்கைவிட இரண்டேகால் ஸ்டாப்தான் கீழே இருந்தது. கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஐந்தில் ஒரு பங்கு மேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், நிறமும் வேறு. ஆகவே எல்இடி வாங்கினால் கறுப்புத் திரையும் சேர்த்து வாங்கியதாகத்தான் கணக்கு. பகலில் ஜன்னலை முழுதாக அடைக்க வேண்டும், கூடத்து விளக்கை அணைக்க வேண்டும். வீட்டில் ஒரு ஆள் கதவைத் திறந்து வைத்தால்கூட அந்தப் படம் மற்றதோடு சேராது.

மின்வெட்டும் ஒரு விஷயம். இன்வர்ட்டர் இருந்தால் கவலை இல்லை. இல்லாதவர்கள் நேரம் பார்த்து எடுக்க வேண்டும்.

கையால் கட்டுப்படுத்தும் ஃப்ளாஷ்

கேமரா தலையில் மாட்டி நேராக முகத்தில் அடிக்கும் ஃப்ளாஷைச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பார்த்த அந்த வெளிச்சத்தை நினைத்தே பலர் ஃப்ளாஷ் என்றாலே ஒதுங்குகிறார்கள், அக்காவும் முதலில் அப்படித்தான் மறுத்தார். நான் சொல்வது ஃப்ளாஷைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் வைத்து, வெள்ளைக் குடை வழியாக அடித்து, கேமராவில் மாட்டிய ட்ரிகரால் (ஃப்ளாஷைத் தள்ளியிருந்தே எரியவிடும் கருவி) எரியவிடுவது. ஒளி ஜன்னல் ஒளி மாதிரியே மென்மையாக வரும். கோடாக்ஸ் டிடி600 போன்ற ஒன்று போதும். அதில் தானாக அளவு பார்க்கும் வசதி கிடையாது, சக்தியை முழு அளவிலிருந்து 1/128 வரை நாமேதான் வைக்க வேண்டும். நம் வேலைக்கு அது குறையே இல்லை, தானாக எதுவும் மாறக் கூடாது என்பதுதானே நமக்கு வேண்டியது. ஃப்ளாஷ், ட்ரிகர், ஸ்டாண்ட், குடை சேர்த்து பத்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது.

ஃப்ளாஷ் ஜெயிக்கும் இடம் கணக்கில் இருக்கிறது. ஃப்ளாஷ் ஒளி நொடியின் மிகச் சிறிய பகுதியில் அடித்து முடிந்துவிடும். ஷட்டர் 1/160 ஆனாலும் 1/60 ஆனாலும் படத்துக்கு வரும் ஃப்ளாஷ் ஒளி அதேதான். அறை வெளிச்சம் மட்டும் ஷட்டர் வேகத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே ஷட்டரை 1/160, அப்பர்ச்சரை எஃப் 8, ஐஎஸ்ஓவை 200-ல் வைத்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். படம் ஏறக்குறைய முழுக் கறுப்பாக வர வேண்டும். எங்கள் அறையில் டியூப் லைட் எரியும்போதே அப்படி வந்தது, அறை வெளிச்சம் ஐந்தரை ஸ்டாப்புக்கு மேல் கீழே, அதாவது இரண்டு சதவீதம். எல்இடியில் இருபது, இதில் இரண்டு. மேகம் வந்து அந்த இரண்டு சதவீதம் ஒன்றானால் யார் கண்ணுக்கும் தெரியாது. பகலா இரவா, மழையா வெயிலா என்பது படத்துக்குத் தெரியாமலே போகிறது. மெல்லிய திரை போட்ட ஜன்னலே போதும், விளக்கை அணைக்க வேண்டாம், விசிறியும் ஓடலாம். முந்தானை காற்றில் ஆடினாலும் ஃப்ளாஷ் அதை நிறுத்திப் பிடித்துவிடும். விசிறிக் காற்றில் குடை சாயாமல் இருக்க ஸ்டாண்டின் காலில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டிவிடுங்கள்.

கேட்கும் உழைப்பும் உண்டு. எரிவதற்கு முன் நிழல் எங்கே விழும் என்று தெரியாது. முதல் இரண்டு நாள் எடுத்துப் பார்த்து, நகர்த்தி, மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருமுறை இடம் அமைந்த பிறகு அதே இடம்தான் என்பதால் கஷ்டம் அந்த இரண்டு நாளோடு முடியும். நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்க இறங்க அடுத்த அடிக்குத் தயாராக நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அழுத்தினால் அந்தப் படம் மங்கலாக வரும். பின்னால் இருக்கும் சின்ன விளக்கு எரிந்த பிறகே அழுத்த வேண்டும். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி நான்கு நான்காக இரண்டு செட் வைத்துக்கொண்டு, சக்தியைப் பாதிக்கு மேல் போகாமல் வைத்தால் இந்தத் தொல்லை வராது. ஷட்டரை 1/200 அல்லது 1/250 என்று உங்கள் கேமராவின் எல்லைக்கு மேலே ஏற்றினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

ஃபோனோடு இது வேலை செய்யாது. வீடியோவுக்கும் உதவாது.

ட்ரிகர் வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றின் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனை கிடையாது. நம் ஊரில் பலர் கையில் இருப்பது இந்தக் கேமராக்கள்தான். ஒற்றை முனையில் ஓடும் பொதுவான ட்ரிகர் இவற்றில் எரியாது, கேனானுக்கென்றே செய்த ட்ரிகர் வேண்டும். கேமராவைக் கடைக்கு எடுத்துப்போய், மாட்டி, எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எது வாங்கினாலும் தப்பாத விஷயங்கள்

தூரம்தான் பெரியது. விளக்கு 5 அடியில் இருந்தது 6 அடிக்கு நகர்ந்தால் அரை ஸ்டாப் குறையும். ஒரே ஒரு அடிக்கு அவ்வளவு மாற்றம். கேமராவை எவ்வளவு பூட்டினாலும் ஸ்டாண்ட் தினம் வேறு இடத்தில் நின்றால் பயனில்லை. ஸ்டாண்டின் மூன்று கால், ட்ரைபாடின் மூன்று கால், சேலை தொங்கும் கம்பிக்கு நேர்கீழ் இடம், எல்லாவற்றுக்கும் தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். ஸ்டாண்டின் உயரத்துக்கும் குழாயில் ஒரு டேப்.

தொங்கவிட்ட சேலையில் மேலே வெளுத்துக் கீழே இருண்டு போவதும் இதே கணக்குதான். விளக்கிலிருந்து மேல் முனை 3 அடி, கீழ் முனை 7 அடி என்றால் இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டரை ஸ்டாப் வித்தியாசம். விளக்கைப் பின்னுக்குத் தள்ளி 6 அடிக்கும் எட்டரை அடிக்கும் கொண்டுவந்தால் ஒரு ஸ்டாப்தான். மிச்சத்தைக் கீழே சாய்த்து வைத்த ஒரு தெர்மாகோல் பலகை தூக்கிக் கொடுக்கும். இரண்டாவது விளக்கு வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்தப் பலகையை முயலுங்கள்.

சுவரின் நிறம் படத்தில் வரும். அக்கா வீட்டு அறை இளம்பச்சை. வெள்ளைக் குடை ஒளியை நாலு பக்கமும் சிதறடிப்பதால் பச்சை திரும்பி வந்து வெள்ளைச் சேலையில் ஒட்டிக்கொண்டது. பக்கச் சுவரில் ஒரு பழைய கறுப்பு வேட்டியைத் தொங்கவிட்டதும் போய்விட்டது. சாஃப்ட்பாக்ஸில் இந்தத் தொல்லை குறைவு, அது ஒளியை ஒரே பக்கம் அனுப்பும். சின்ன அறைக்கு, வண்ணச் சுவருக்கு, குடையைவிட சாஃப்ட்பாக்ஸ் நல்லது.

சிவப்புச் சேலை எடுக்கும்போது ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவைக் கேமரா காட்டும் வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள். மொத்த வரைபடம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். முட்டினால் நெசவு மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். சரியான பரிகாரம், நிறையச் சிவப்பு எடுப்பவர்கள் எல்லாச் சேலைக்குமே அரை ஸ்டாப் குறைவாக வைத்துவிட்டுப் பிறகு ஒரே அளவில் ஏற்றிக்கொள்வது. அந்தச் சேலைக்கு மட்டும் அளவை மாற்றினால் வரிசை கெடும்.

மயில்கழுத்துச் சேலைக்கு மட்டும் தனி கவனம் வேண்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒளி வரும் கோணத்தைப் பொறுத்து நீலமாகவும் பச்சையாகவும் தெரியும். இங்கே எந்த ஒரு படமும் முழு உண்மை ஆகாது. விளக்கை அதே இடத்தில் விட்டுவிட்டு, சேலையைத் திருப்பி இரண்டு படம் எடுத்துப் போடுகிறார் அக்கா. இதற்குக் கேள்வி கேட்டு எழுதுபவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

யாருக்கு எது

கையில் ஃபோன் மட்டும்தான், கேமரா வாங்கும் எண்ணம் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்இடியும் சாஃப்ட்பாக்ஸும். அறையை இருட்டாக்கும் திரைக்கு முதல் நாளே காசு ஒதுக்குங்கள். ரீல்ஸ்தான் முக்கியம், படம் இரண்டாவது என்பவர்களுக்கும் இதுவே.

வீட்டில் ஒரு டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ, பத்து வருடப் பழையதாக இருந்தாலும் சரி, தூங்கிக்கொண்டிருந்தால் ஃப்ளாஷ்தான் என் பதில். குறைந்த காசு, மின்வெட்டு பயமில்லை, வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள இரண்டு நாள் அதிகம் ஆகும். அந்த இரண்டு நாளைக் கொடுக்கலாம்.

ஜன்னல் ஒளியையும் விளக்கையும் கலக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு எதிர்ப்பக்கம் எல்இடி வைப்பது பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று வந்த படத்தை ஒரே திருத்தத்தில் சரிசெய்ய முடியாது.

அக்காவிடம் தம்பி ஒருவன் விட்டுப்போன பழைய கேமரா இருந்ததால் ஃப்ளாஷுக்குப் போனோம். ரீல்ஸுக்காக ஒரு வருடம் கழித்து எல்இடியும் வந்தது, ஆனால் விற்பனைப் படம் எல்லாம் இன்னும் ஃப்ளாஷில்தான். படம் எடுக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்: எஃப் 8, 1/160, ஐஎஸ்ஓ 200, 5500, ஃப்ளாஷ் 1/2, குடை 5 அடி. போன தை மாதம் ஒரு வாடிக்கையாளர் முந்தின ஆடியில் வாங்கிய அரக்குச் சேலைக்கு ஜோடியாகத் தங்கைக்கும் ஒன்று கேட்டார். அதே தறியில் நெய்து வந்ததை அக்கா இரவு பத்து மணிக்குப் படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து எனக்கு அனுப்பினார். எது ஆடியில் எடுத்தது, எது தையில் எடுத்தது என்று மடிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.